ஒன்பதாம் பக்கத்து எண்ணெய்

முறுக்கு வடிய விடுவதற்கு இங்கிலீஷ் பேப்பர் ஆகாது என்பது பவுனுவின் முடிந்த முடிவு. மை ஒட்டும். இந்திப் பேப்பர் சொரசொரவென்று இருக்குமே தவிர எண்ணெயைக் குடிக்காது, அப்படியே மேலே தேங்கவிடும். தமிழ்ப் பேப்பர்தான் சமத்து. எண்ணெயைத் தான் வாங்கிக்கொண்டு முறுக்கை மொரமொரவென்று திருப்பிக் கொடுத்துவிடும். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் குடிவந்த நாள் முதல், இருபத்திரண்டு வருஷமாக, அவள் இந்த ஆராய்ச்சியை நடத்திவருகிறாள்.

மகள் சுந்தரவல்லியும் பேப்பர்களைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறாள். அவளுக்கு அதற்கென்று ஓர் ஆபீஸும், நாற்காலியும், லண்டனிலிருந்து வந்து கேள்வி கேட்க ஆட்களும் இருக்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

"ஆத்தாளும் மகளும் ஒரே வேலைதாம் பாக்கிய," என்றார் நல்லசிவம், கூடத்துத் தரையில் சம்மணமிட்டுப் பசை தடவியபடி. "ஒருத்திக்குச் சம்பளம் உண்டு, ஒருத்திக்கு இல்ல."

"சம்பளம் உள்ளவ முறுக்கு சுடுவாளான்னு கேளுங்க," என்றாள் பவுனு அடுப்படியிலிருந்து. மகன் வைத்திக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். இன்று வெள்ளி. அவள் கை அச்சைவிட்டு இறங்கவேயில்லை.

போன வெள்ளிக்கிழமை ஆபீஸில் வாயை விட்டுவிட்டு வந்தவள் வல்லி. ஒரு வாரமாக அந்த வாய்க்குக் காவல் இருந்துகொண்டிருக்கிறாள்.

பாரகம்பா ரோட்டில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காவது மாடியில் அந்த ஆராய்ச்சி நிலையம். முஸ்லிம்கள் மேல் காட்டப்படும் வெறுப்பை எந்த ஊர்ப் பத்திரிகை எப்படி எழுதுகிறது என்று பார்ப்பது வேலை. லண்டனுக்கு ஒரு மேஜை, பாரிஸுக்கு ஒன்று, இந்திக்கு, உருதுவுக்கு, தமிழுக்கு ஒவ்வொன்று. தமிழ் மேஜை வல்லியுடையது. வீட்டில் முதல் பட்டதாரி, முதல் நாற்காலிக்காரி.

விஷயம் இதுதான். சாகுல் என்று ஒரு கப்பல் என்ஜினீயர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ஐரோப்பாவில் ஏதோ ஒரு விமான நிலையத்தில் விமானம் ஏறி உட்கார்ந்தார். உதடு அசைந்தது, கையில் ஜெபமணி உருண்டது. பக்கத்து சீட்டுக்காரருக்குப் பயம் வந்துவிட்டது. சாகுலை இறக்கிப் பதினோரு மணி நேரம் உட்காரவைத்து, பிறகு மன்னிப்புக் கேட்டு அடுத்த விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

லண்டன் பேப்பர் பயணிகளின் பயத்தில் செய்தியைத் தொடங்கியது. பாரிஸ் பேப்பரோ மனிதரின் மதத்தையும் எழுதவில்லை, பெயரையும் எழுதவில்லை. ஒரு 'பயணி' என்று போட்டுவிட்டு, சமத்துவத்தைப் பற்றி இரண்டு நாள் கட்டுரை எழுதியது. டெல்லி இந்திப் பேப்பர் மதத்தைத் தலைப்பிலேயே போட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியையும் நிறுத்தியது. உருதுப் பேப்பரில் அவருடைய அம்மாவின் அழுகை, நாலு பத்தி அகலப் படம். தமிழ்ப் பேப்பரில் தலைப்பு: 'தமிழக என்ஜினீயருக்கு அவமதிப்பு.'

வல்லிக்கு வந்ததே கோபம். எல்லார் முன்னாலும் எழுந்து நின்றாள். "தமிழன் தமிழன்னு தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு, அவர் முஸ்லிம்ங்கிறதை ஒளிச்சிட்டாங்க மேடம். எங்க பேப்பர்ல அவரை ஒரு வார்த்தை பேச விடலை. எழுதிக் கையெழுத்துப் போட்டே தரேன்."

போட்டும் கொடுத்துவிட்டாள். அந்தக் காகிதம் லண்டன் போய், நிலையத்துக்குப் பணம் அனுப்பும் லண்டன்காரரோடு திரும்பி வந்திருக்கிறது. இன்று மூன்று மணிக்கு அவர் உட்கார்ந்து, எந்தெந்த மேஜை இன்னும் இரண்டு வருஷம் ஓடலாம் என்று முடிவு சொல்லப்போகிறார். தமிழ் மேஜை போனால் வல்லியும் போகவேண்டியதுதான்.

அப்பா ஒட்டிக்கொடுத்த தாள்களை அடுக்கினாள். மத்திய அரசில் டஃப்தரி உத்தியோகம் அவருக்கு. ஃபைல் தைப்பது, ஒட்டுவது, நூல் கோப்பது. மைதாப் பசை காய்ச்சுவதில் அமைச்சகத்திலேயே அவரை மிஞ்ச ஆளில்லை என்று பெயர். மகளுடைய கத்தரித்த செய்திகளையும் ஃபுல்ஸ்கேப் தாளில் மார்ஜின் விட்டு அவர்தான் ஒட்டித்தருவார்.

"ஏட்டி வல்லி, இதுக்கு மிச்ச ஷீட் எங்க?"

"எதுக்குப்பா?"

"சாகுல் சமாச்சாரத்துக்கு. அடியில பாரு, 'ஒன்பதாம் பக்கம் பார்க்க'ன்னு போட்டிருக்கு. தொடர்ச்சி இல்லாம ஃபைலை மேல அனுப்பினா செக்‌ஷன் ஆபீசர் மூஞ்சியில எறிஞ்சிருவான்."

வல்லியின் கை அப்படியே நின்றது.

அந்த வரியை அவள் பார்க்காமல் இல்லை. அன்றைக்குத் தலைப்பைப் படித்த சூட்டில், மிச்சம் என்ன இருக்கப்போகிறது, எந்த மந்திரியாவது கண்டித்திருப்பான் என்று தானே முடிவு கட்டிவிட்டுக் கத்தரியை எடுத்திருந்தாள். பேப்பரின் மிச்சம் வழக்கம்போல அம்மாவின் அலமாரிக்குப் போய்விட்டது.

"எம்மா, ஒண்ணாந்தேதி பேப்பர் எங்க?"

"தேதி பாத்தா விரிக்கேன்? அந்தா கெடக்கு பாரு."

அடுப்படித் தரையில் தமிழ்ப் பேப்பர் பாய்போல் விரிந்துகிடந்தது, அதன்மேல் நூற்றைம்பது முறுக்கு. வல்லி குனிந்து ஒவ்வொன்றாக நகர்த்தினாள். மூன்றாம் பக்கம். விளையாட்டுப் பக்கம். ராசிபலன். ஒன்பதைக் காணோம்.

"ஒடைச்சிராதட்டி. அத்தனையும் நிச்சயத்துக்கு எண்ணி வச்சது."

"ஒன்பதாம் பக்கம் வேணும்மா."

"டப்பாவுக்கு அடியில ஒண்ணு மடிச்சுப் போட்டேன். அதுவா இருக்கும்."

"எந்த டப்பா?"

"சம்பந்தியம்மா எள்ளு போட்டா நல்லாருக்குமா ஓமம் போட்டா நல்லாருக்குமான்னு கேட்டாங்கல்லா, ருசி பாக்கதுக்கு வைத்திட்ட குடுத்துவிட்டேன். ஏழு மணிக்கே ஜனக்புரி போயிட்டான். குளிச்சு, சென்ட் அடிச்சுக்கிட்டு."

வல்லி ஃபோனைப் போட்டாள். வைத்தி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது.

"குடுத்துட்டேன்ட்டி. அவளே வந்து வாங்கினா." குரலில் இன்னும் சென்ட் வாசம் இருந்தது.

"டப்பாவைத் திருப்பி வாங்கினியா?"

"பொண்ணு வீட்டுல எவனாவது டப்பாவைத் திருப்பிக் கேப்பானா? நீ படிச்சவதானே?"

பேப்பர் கடைக்குப் போட்டாள். பழைய கட்டு நேற்றே எடைக்கு வாங்கும் கபாடிக்காரனுக்குப் போய்விட்டதாம். சென்னைக்குப் பேசினால் நாளைக்கு ஃபேக்ஸ் அனுப்புவார்களாம். இவளுக்கு வேண்டியது இன்று மூன்று மணிக்கு.

"நான் ஜனக்புரி போறேன்."

பவுனு ஜாரணியை வைத்துவிட்டு வந்து நின்றாள். "சம்பந்தி வீட்டுல போயி, எண்ணெக் காயிதத்தைத் திருப்பிக் குடுங்கன்னு கேக்கப் போறியா? ஞாயித்துக்கெழமை அவங்க நம்ம மூஞ்சியில முழிக்க வேண்டாமா?"

"கேக்கதுல என்ன இருக்கு?" என்றார் நல்லசிவம், பசைக் கையை வேட்டியில் படாமல் தூக்கிப் பிடித்தபடி. "ஃபைல்ல சேரவேண்டிய காயிதம். அது எங்க கெடந்தாலும் போயி எடுத்துத்தான் ஆகணும்."

"நீங்க பேசாம இருங்க. கவர்மென்ட்டுக்கே ஒட்டுப் போட்டவரு."

இரண்டு பஸ் மாறி வல்லி ஜனக்புரி போய் இறங்கியபோது பதினொன்றரை. கதவைத் திறந்த சம்பந்தியம்மாவின் முகம் முதலில் மலர்ந்து, வந்த காரியத்தைக் கேட்டதும் மெல்ல மடங்கியது.

"டப்பாவா? கழுவி, அதில் பழம் வெச்சுக் கொடுக்கணும்னு இருந்தேனே."

"டப்பா வேண்டாம் அத்தை. அதுல அடியில விரிச்ச பேப்பர்தான் வேணும்."

"பேப்பரா?" அந்த அம்மாள் வல்லியை மேலும் கீழும் பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டார் என்னென்னவோ திருப்பிக் கேட்டுக் கேள்விப்பட்டிருக்கிறாள். எண்ணெய்க் காகிதத்தைக் கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லை. "முறுக்கில் ஏதாவது குறை சொன்னோம்னு யாராவது..."

"யாரும் ஒண்ணும் சொல்லலை. எனக்கு ஆபீஸ் வேலை அத்தை."

உள்ளிருந்து சுபாஷிணி வந்தாள். கல்யாணப் பெண். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம், இன்று நிச்சயத்துக்காக லீவு. டப்பா அவள் கையில்தான் இருந்தது. பாதி காலி.

"அரே, வல்லி. இதையா தேடி வந்தே? நான் டப்பாவை யாருக்கும் கொடுக்கலை. என் ரூமில் வெச்சு சாப்பிட்டுட்டு இருக்கேன்." அடியில் கைவிட்டு மடித்த தாளை உருவினாள். எண்ணெய் ஊறிக் கண்ணாடிபோல் ஆகியிருந்தது. "இதில் அப்படி என்ன இருக்கு?"

வல்லி சொன்னாள். வாசற்படியிலேயே நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல், சாகுலிலிருந்து கையெழுத்து வரை எல்லாவற்றையும் சொன்னாள். சுபாஷிணி முறுக்கைக் கடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்போ நீ தப்பா எழுதியிருந்தா?"

"தப்புன்னு சொல்லணும்."

"சொல்லிட்டா வேலை போகுமா?"

"போகலாம்."

"நானும் வரேன். ஜல்தி, மெட்ரோவில் போயிடலாம். ஒரு நிமிஷம், துப்பட்டா."

"நிச்சயத்துக்கு ரெண்டு நாள் வெச்சுக்கிட்டு வெளியில் சுத்தக் கூடாது," என்று அம்மா சொன்னதைக் கதவு கேட்டுக்கொண்டது.

ஜனக்புரி கிழக்கு ஸ்டேஷனில் காவலர் வல்லியின் பையைத் திறக்கச் சொன்னார். டப்பா, முறுக்கு, கத்தரி, எண்ணெய்த் தாள். முகர்ந்து பார்த்தார். "க்யா ஹை யே?"

"முறுக்கு, அண்ணா," என்றாள் சுபாஷிணி இந்தியில். "என் நிச்சயதார்த்த முறுக்கு."

காவலர் சிரித்து, வாழ்த்துச் சொல்லி, ஒன்றை எடுத்துக்கொண்டு வழிவிட்டார்.

"பார்த்தீங்களா மதினி," என்றாள் வல்லி, படி ஏறும்போது. "இத்தனை பெரிய கத்தரி பையில கிடக்கு. என் பொட்டைப் பார்த்துட்டு விட்டுட்டாரு. அந்த மனுஷன் கையில மணி மட்டும்தான் இருந்துச்சு."

"மதினியா? யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. நல்லாயிருக்கு. இன்னொரு தடவை சொல்லு."

ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. தாளை விரித்தால் ஒரு புதுச் சிக்கல். எண்ணெய் ஊறியதில் பின்பக்கத்து எழுத்தும் இந்தப் பக்கம் தெரிந்தது. பின்னால் ஒரு திரைப்பட விளம்பரம், அதன் கதாநாயகியின் மூக்கு சாகுலின் பத்தி நடுவே வந்து நின்றது. இந்தப் பக்கத்திலும் மேல் பாதி முழுக்க எவர்சில்வர் பாத்திரக்கடையின் குக்கர் விளம்பரம். அதற்குக் கீழேதான், சுண்டுவிரல் அகலத்தில், 'முதல் பக்கத் தொடர்ச்சி.'

"நான் படிக்கிறேன்," என்றாள் சுபாஷிணி. "எனக்குத் தமிழ் மெதுவாத்தான் வரும். அதனால் ஒரு எழுத்தையும் விட மாட்டேன். நீ கோபத்தில் தாண்டிடுவே."

அது உண்மையானதால் வல்லி தாளைக் கொடுத்துவிட்டாள்.

தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப்பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, சுபாஷிணி படித்தாள். "க-ப்-பல்... கப்பல் என்ஜினை நான் நம்புவேன். என் கையால் க-ழ-ற்-றி... கழற்றி மாட்டியிருக்கிறேன். விமான என்ஜினை நான் பார்த்ததில்லை. ஏறி உட்கார்ந்தாலே எனக்கு நடுக்கம். அதனால்தான் தஸ்பீஹ் மணியை உருட்டினேன். ப-ய-ந்-த-து... பயந்தது நான். பயந்ததாகப் பேப்பரில் வந்தது மற்றவர்கள்."

வல்லி சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தும் முடியாமல் வாய்விட்டுச் சிரித்தாள். எதிர் சீட்டு சர்தார்ஜி, விஷயம் தெரியாமலேயே சேர்ந்து சிரித்தார்.

"இவரு பேசியிருக்காரு மதினி. எவ்வளவு நல்லாப் பேசியிருக்காரு. நான் வாயில்லாதவருன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன்."

"இரு, இன்னும் இருக்கு. 'நான் முஸ்லிம் என்பதால் இறக்கினார்கள். தமிழன் என்பதால் இல்லை. தயவு செய்து அதை மாற்றி எழுதாதீர்கள்.'"

சிரிப்பு பாதியில் நின்றது. வல்லி தாளை வாங்கி அந்த வரியைத் தானும் ஒருமுறை படித்தாள். மாற்றி எழுதாதீர்கள் என்று மனிதர் ஒன்பதாம் பக்கத்தில் கெஞ்சுகிறார். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் மாற்றியே எழுதியிருக்கிறார்கள். அவள் சொன்னது பாதி தப்பு. மிச்சப் பாதி, அவள் நினைத்ததைவிடச் சரி.

"கடைசி பாரா," என்றாள் சுபாஷிணி, தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு. "'விமானத்திலிருந்து இறக்கியவர்கள் பதினோரு மணி நேரத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். எட்டு வருடங்களுக்கு முன் பயிற்சிக்காக டெல்லியில் இருந்தேன். ஜ-ன-க்... ஜனக்புரியில் ஒரு தமிழர் வீட்டு மாடி அறைக்குச் சாவி வாங்கினேன். பெயர் கேட்டார்கள். சொன்னேன். சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதற்கு இதுவரை...'"

வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. ராஜௌரி கார்டன் வந்தது. கதவு திறந்தது, மூடியது.

"எட்டு வருஷம்னா, நைன்ட்டி எய்ட்," என்றாள். "நான் டென்த்."

"ஆமா."

"அந்த வருஷம் எங்க மாடி ரூம் மூணு மாசம் காலியா இருந்துச்சு. அதில்தான் உட்கார்ந்து போர்டு எக்ஸாமுக்குப் படிச்சேன்."

"ஜனக்புரியில தமிழாளுங்க மாடி நாப்பது இருக்கும் மதினி."

"ம்."

வல்லி ஜன்னலைப் பார்த்தாள். வேறெங்கும் பார்க்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, நூற்றைம்பது முறுக்கு, சென்ட் அடித்துக்கொண்டு போன அண்ணன். கத்தரி பையில்தான் இருந்தது. சாகுல் பேசினார் என்று காட்ட முதல் இரண்டு பாராவே தாராளம். கடைசி ஐந்து வரியை நறுக்கிவிட்டால் எந்த மேஜைக்கும் நஷ்டமில்லை. எண்ணெயில் கிழிந்துவிட்டது என்றால் யார் கேட்கப்போகிறார்கள்?

"அந்தக் கடைசி பாரா எங்க ஆபீசுக்குத் தேவைப்படாது," என்றாள். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

சுபாஷிணி திரும்பினாள். "அப்போ நீயும் ஒளிப்பியா?"

வல்லிக்குக் காது வரைக்கும் சூடேறியது. இந்தக் கேள்வியை ஊர் உலகத்துப் பத்திரிகைகளைப் பார்த்துக் கேட்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

"மாட்டேன்," என்றாள்.

"குட்," என்றாள் சுபாஷிணி. டப்பாவைத் திறந்து, ஒரு முறுக்கை இரண்டாக உடைத்துப் பாதியைக் கொடுத்தாள். "ஓமம்தான் நல்லாயிருக்கு. உங்கம்மாகிட்ட சொல்லிடு."

மூன்று மணிக் கூட்டம் மூன்று பத்துக்குத் தொடங்கியது. நீள மேஜையின் தலைமாட்டில் நிலையத்தின் தலைவி தாஸ்குப்தா மேடம், பக்கத்தில் லண்டன்காரர். அவர் முன்னால் வல்லி கையெழுத்துப் போட்ட காகிதம். சுபாஷிணி சுவரோரம் ஸ்டூலில் டப்பாவோடு உட்கார்ந்தாள்.

தன் முறை வரும்வரை வல்லி காத்திருக்கவில்லை.

"அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுங்க. அது தப்பு."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "கையெழுத்து உன்னோடதுதானே?"

"என்னோடதுதான். ஒன்பதாம் பக்கத்தைப் பார்க்காம போட்ட கையெழுத்து. என்ன இருக்கும்னு நானே முடிவு பண்ணிட்டு, மிச்சத்தை வீசிட்டேன்." தாளை மேஜைமேல் விரித்தாள். லண்டன்காரரின் ஃபைலில் எண்ணெய் படர்ந்தது. அவர் ஃபைலை நகர்த்திவிட்டுத் தாளை முகர்ந்தார்.

வல்லி பதினெட்டு வரியையும் மொழிபெயர்த்துச் சொன்னாள். பயந்தது நான் என்ற இடத்தில் அறை முழுக்கச் சிரித்தது. சாவி இடத்தில் சிரிப்பு அடங்கியது. சுபாஷிணி தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆக, தமிழில் அவர் பேசியிருக்கிறார்," என்றார் மேடம். "நீ எழுதிக்கொடுத்ததுக்கு நேர் எதிர்."

"பேசினாரா இல்லையான்னு கேட்டது நம்ம தப்பு மேடம். எங்கே பேசினார்னு கேக்கணும். முதல் பக்கத்துல, எதை எழுதாதீங்கன்னு கும்பிட்டாரோ அதையே தலைப்பாக்கிட்டாங்க. அவர் வாயைக் கொண்டுபோய் குக்கர் விளம்பரத்துக்குக் கீழே வச்சுட்டாங்க. எல்லாரும் அவங்கவங்க பேப்பர்ல பாருங்க. அவர் எந்தப் பக்கம், எத்தனாவது பாரா?"

காகிதம் புரளும் சத்தம். லண்டன்காரர் தன்னுடையதை விரலால் எண்ணினார். இருபத்தோராவது பாராவில், சாகுல் சொன்னதாக அவருடைய வக்கீல் சொன்னதாக ஒரு வரி இருந்தது. லண்டன்காரரின் காது சிவந்தது. பாரிஸ் மேஜையில் அதுவும் இல்லை. இந்தி மேஜையில் போலீஸ்காரர் மூன்று தடவை பேசியிருந்தார்.

உருது மேஜை நிகத்துடையது. பழைய டெல்லிக்காரி, நாற்பது வயது, நாக்கு வல்லியுடையதைவிட நீளம். "என் பேப்பர்லயும் அவன் பேசலை," என்றாள் இந்தியில். "அம்மாவை அழ விட்டிருக்கோம். எங்களுக்கு எல்லாரும் கொடுத்த வேலை அழறதுதான், நாங்களும் ஒழுங்காச் செஞ்சிட்டோம். விமானத்துக்குப் பயப்படற முஸ்லிம் ஒருத்தன் இருக்கான்னு உங்க குக்கர்காரன் மட்டும்தான் போட்டிருக்கான். அவனுக்கு என் சலாம்."

"பெருமைப்பட ஒண்ணுமில்லை," என்றாள் வல்லி.

"கொஞ்சம் பட்டுக்கோடி. தினம் கிடைக்குமா?"

லண்டன்காரர் தன் அட்டவணையில் புதிதாக இரண்டு கட்டம் போட்டார். பக்கம், பாரா. பிறகு நிமிர்ந்து, தமிழ் மேஜை இல்லாமல் இந்தக் கேள்வி வந்திருக்காது, அது இருக்கட்டும் என்றார். மேடம் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. இதுவரை வல்லி கத்தரித்த இருநூற்றுப் பன்னிரண்டு செய்திக்கும் தொடர்ச்சியைத் தேடி ஒரு மாதத்தில் கொண்டுவர வேண்டும். அதுவரை கத்தரி மேடத்தின் டிராயரில் இருக்கும்.

வல்லி கத்தரியை எடுத்து வைத்தாள். வைத்த கையோடு மனசு துள்ளியது. இருநூற்றுப் பன்னிரண்டு. அதில் எத்தனை முறுக்குக்கு அடியில் போயிற்றோ. அப்பா கேட்டால் பசைக்கு மைதா வாங்கக் கிளம்பிவிடுவார்.

டப்பா மேஜையைச் சுற்றி வந்தது. லண்டன்காரர் மூன்றாவது முறுக்கில் இருந்தார். நிகத் தன் பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து எண்ணெய்த் தாள்மேல் கொட்டித் தடவினாள். "சேலையில எண்ணெய் பட்டா இப்படித்தான். கால் மணி விடு, பவுடர் குடிச்சிடும். அப்புறம் ஜெராக்ஸ் எடு." தாளில் சாகுல் மெல்லத் தெளிந்தார். கதாநாயகியின் மூக்கு பின்னால் போய்விட்டது.

ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் வல்லி நிற்கும்போது சுபாஷிணி வந்தாள்.

"எனக்கும் ஒரு காப்பி."

"எதுக்கு மதினி?"

"அப்பாவுக்கு. ஆறு மணிக்கு பேங்க்லேருந்து வந்து டீ குடிப்பார். அப்போ தினம் ஏதாவது தமிழில் படிச்சுக் காட்டுவேன், சின்ன வயசிலேருந்து பழக்கம். தப்பாப் படிச்சா நிறுத்தித் திருத்துவார்."

மெஷின் வெளிச்சம் இடமும் வலமுமாக ஓடியது. வெதுவெதுப்பாக ஒரு தாள் வந்து விழுந்தது.

"ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் காட்டக் கூடாதா?" வல்லி கேட்டாள். அண்ணனுக்காக அந்த ஒரு கேள்வியைக் கேட்கத்தான் வேண்டியிருந்தது.

"அப்புறம்னா அது எங்க மாடிதானான்னு தெரியாமலே அந்த வீட்டிலேருந்து புறப்பட்டு உங்க வீட்டுக்கு வரணும். தெரிஞ்சுக்கிட்டு வரேன். எங்க மாடியா இல்லாம இருக்கலாம்." தாளை எடுத்துக்கொண்டாள். "கடைசி பாராதான் இன்னும் எனக்கு ஓடலை. நடுவில் நின்னா, அப்பா எழுத்தைத் திருத்தறதிலே இறங்கிடுவார். நிக்காமப் படிக்கணும். நீ கேளு."

வல்லி மெஷினை நிறுத்தினாள். சுபாஷிணி தொடங்கினாள். ஜனக்புரியில் தடுக்கினாள். மறுபடி தொடங்கினாள். மூன்றாம் தடவை தடுக்கவில்லை.

"பெயர் கேட்டார்கள். சொன்னேன். சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதற்கு இதுவரை யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை."

"சரியா?"

"சரி," என்றாள் வல்லி.

மணி நாலே முக்கால். ஆறு மணி டீக்கு ஜனக்புரி மெட்ரோவைப் பிடிக்க வேண்டும் என்று சுபாஷிணி துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினாள், காலி டப்பாவை ஆட்டிக்கொண்டே.